குண்டாக இருக்கும்போதே தசை ஏற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை கூடிப்போய், இப்போதுதான் முதல்முறையாக உடற்பயிற்சி பக்கம் வருகிறவர்களுக்காக எழுதியது இது. ஏற்கெனவே ஒல்லியாக இருந்து உடம்பு ஏற்ற நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

முதலில் பத்து இருபது கிலோ குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் வெயிட் தூக்கலாம் என்கிறார் ஜிம் மாஸ்டர். சரிதானா?

சரியில்லை. பருமனான ஆள் உள்ளே நுழைந்தாலே ட்ரெட்மில்லைக் கை காட்டிவிடுவது பல ஜிம்களில் வழக்கம். ஆறு மாதம் நடந்து, சோற்றைக் குறைத்து, எடையும் இறங்கும். ஆனால் இறங்கியதில் கொழுப்போடு தசையும் போயிருக்கும். ஆள் சின்னதாகியிருப்பார், தொப்பை மட்டும் தொப்பையாகவே இருக்கும். கன்னம் ஒட்டிப்போய், "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடை ஏறிவிடும், அதில் பெரும்பங்கு கொழுப்புதான்.

எடை கூடிய நிலையில் பயிற்சியைத் தொடங்குகிறவருக்கு ஒரு சாதகம் உண்டு. கொழுப்பைக் குறைத்துக்கொண்டே தசையையும் ஏற்ற அவரால் முடியும். பல வருடம் தூக்கிப் பழகிய, ஏற்கெனவே கட்டுமஸ்தாக இருக்கும் ஆளுக்கு அது மிகக் கடினம். முதல் வருடத்திலேயே கிடைக்கும் இந்தச் சலுகையை ட்ரெட்மில்லில் மட்டும் செலவழிக்காதீர்கள்.

2016-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எடை கூடிய இளைஞர்கள் 40 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நான்கு வாரம், தேவையைவிட 40 சதவீதம் குறைவான கலோரி, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி. ஒரு குழுவுக்கு எடைக்குக் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம், மற்றதற்கு 1.2 கிராம். அதிகப் புரதம் உண்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள், கொழுப்பில்லாத எடையில் 1.2 கிலோ ஏறினார்கள். குறைவாக உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், தசைப்பக்கம் ஏறக்குறைய அப்படியே இருந்தார்கள். அவ்வளவு கடுமையாக நீங்கள் செய்யத் தேவையில்லை. பட்டினிக்கு நடுவிலும் தசை ஏறும் என்பதுதான் இதில் பார்க்கவேண்டியது.

அப்படியானால் கொழுப்பு தசையாக மாறுகிறதா?

இல்லை, இரண்டும் வெவ்வேறு திசுக்கள். நடப்பது இதுதான்: எடை தூக்கும்போது தசைக்கு "இன்னும் வலு வேண்டும்" என்ற தகவல் போகிறது. கட்டுவதற்கான பொருள் நீங்கள் சாப்பிடும் புரதத்தில் இருக்கிறது. கட்டும் வேலைக்கு வேண்டிய ஆற்றலில் பற்றாக்குறை வந்தால், உடம்பு சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு நிறைய இருப்பவருக்கு இது எளிது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது.

நான் அதிக எடையா என்று எப்படிப் பார்ப்பது? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே.

இந்தியர்களுக்கு அளவுகோல் கொஞ்சம் கடுமை. மேலைநாடுகளில் பி.எம்.ஐ. (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25-க்கு மேல் போனால்தான் அதிக எடை. நமக்கு 23-இலேயே அது தொடங்குகிறது, 25 என்றால் உடல் பருமன். காரணம், அதே எடையில் நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. புனேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம்.

அதனால் எடை மெஷினைவிட இஞ்ச் டேப் நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளந்துபாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனிக்க வேண்டும். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும் ஆட்களும் இதில் சேர்த்திதான். அவர்களுக்கு எடை தூக்குவது இன்னும் அவசியம்.

எவ்வளவு சாப்பிடுவது? சோற்றை விட்டுவிட வேண்டுமா?

விடவேண்டியதில்லை. அளவு தெரிந்து சாப்பிட்டால் போதும். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. மதியம் தட்டில் குவிக்கும் சோறு 400 கிராம் வரும், அதாவது 500 கலோரிக்கு மேல். அதைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் புரதமும் வைத்தால் வயிறும் நிறையும்.

ஆனால் எல்லோரும் சோற்றையே குற்றவாளி ஆக்குகிறார்கள், எண்ணெயைக் கண்டுகொள்வதில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளைக்கு சுமார் 33 மில்லி. அதுவே ஏறக்குறைய 270 கலோரி, 200 கிராம் சோற்றுக்குச் சமம். இதில் தேங்காய்ச் சட்னியும், இட்லிப் பொடிக்கு ஊற்றும் நல்லெண்ணெய்க் குளமும் வேறு. மூன்று வேளை காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் இன்னொரு 120. எடையைக் குறைக்க சப்பாத்திக்கு மாறினேன் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுடுவதில் பலன் ஒன்றுமில்லை.

இப்போது சாப்பிடுவதிலிருந்து நாளைக்கு 400 முதல் 600 கலோரி குறைத்தால் போதும். வாரத்துக்கு உங்கள் எடையில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இறங்குவது நல்ல வேகம். 96 கிலோ இருப்பவருக்கு அது அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ. அதற்கு மேல் வேகமாக ஓடினால் தசையும் சேர்ந்து கரையும்.

புரதம் எத்தனை கிராம்? கிட்னிக்குக் கெடுதல் என்கிறார்களே?

நீங்கள் போய்ச் சேர நினைக்கும் எடைக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய எடைக்குக் கணக்குப் போட்டால் தேவையில்லாமல் பெரிதாகிவிடும். 96 கிலோ ஆள் 75-க்கு வர நினைத்தால் நாளைக்கு 120 கிராம். நம் சாப்பாட்டில் இது தானாக வராது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சாதாரண ஆளுக்குச் சொல்லும் அளவே கிலோவுக்கு 0.83 கிராம்தான், அதையும் எட்டாத வீடுகள் உண்டு. இரண்டு கரண்டி சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறோம். அதில் தண்ணீரும் காயும்தான் அதிகம், புரதம் மூன்று நான்கு கிராம் தேறினால் பெரிது.

120 கிராம் எப்படி வரும் என்று ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் மூன்று முட்டை, இரண்டு இட்லி, சாம்பார்: 25 கிராம். மதியம் தோல் உரித்த கோழி, பச்சையாக நிறுத்து 150 கிராம், ஒரு கப் சோறு, ஒரு கிண்ணம் தயிர்: 42. சாயங்காலம் ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும்: 16. இரவு இரண்டு சப்பாத்தி, 50 கிராம் மீல் மேக்கர் குருமா: 32. கூட்டினால் 115. கோழிக்குப் பதில் மத்தியோ நெத்திலியோ கிடைத்தால் இன்னும் நல்லது, விலையும் குறைவு. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

கிட்னி விஷயம்: ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இந்த அளவால் கெடுதல் வந்ததாகக் காட்டப்படவில்லை. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. பத்து வருடமாகச் சுகர், பிரஷர் இருப்பவர்கள் முதலில் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள்.

நான் சைவம். முட்டை கூடக் கிடையாது.

கஷ்டம்தான், ஆனால் வழி இருக்கிறது. உங்களுக்குக் கைகொடுப்பது மீல் மேக்கர். உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம், கொழுப்பு மிகக் குறைவு. கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு தண்ணீர் மாற்றி, நன்றாகப் பிழிந்துவிட்டுச் சமைத்தால் அந்த வாடை போய்விடும். பலர் பிழியாமல் போட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்கிறார்கள். தயிர், பனீர், பால், பருப்பு, சுண்டல் வகைகள் அடுத்து. பனீரில் புரதத்தோடு கொழுப்பும் சேர்ந்து வருவதால் அதையே நம்பிக் கால் கிலோ சாப்பிட்டால் கலோரி எகிறும். வேர்க்கடலை, பாதாம் எல்லாம் புரதச் சத்து என்று டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு கொறிப்பதும் அப்படித்தான். 100 கிராம் வேர்க்கடலையில் புரதம் 25 கிராம், கலோரி 560-க்கு மேல்.

என்ன பயிற்சி செய்வது?

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் பைசெப்ஸ் என்று பிரித்துச் செய்வது பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். தொடங்கும்போது ஐந்து அசைவு போதும்: உட்கார்ந்து எழுவது, குனிந்து எடையைத் தூக்குவது, முன்னால் தள்ளுவது, தன் பக்கம் இழுப்பது, தலைக்கு மேல் ஏற்றுவது. ஜிம்மில் இவற்றுக்கு கோப்லெட் ஸ்க்வாட், ருமேனியன் டெட்லிஃப்ட், டம்பெல் பிரஸ், லேட் புல்டவுன், ஷோல்டர் பிரஸ் என்று பெயர் சொன்னால் மாஸ்டர் புரிந்துகொள்வார். ஒவ்வொன்றும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை. செட் முடியும்போது இன்னும் இரண்டு முறை முக்கித்தக்கிச் செய்யலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். இன்னும் இருபது செய்யலாம் என்றால் எடை போதாது.

மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கூட்டுங்கள். இதற்கு ஒரு நோட்டு வேண்டும். "பிப். 3, ஸ்க்வாட், 10 கிலோ, 12-11-9" என்று எழுதிவைத்தால் அடுத்த நாள் எதை மிஞ்ச வேண்டும் என்று தெரியும். வருடக்கணக்காக ஜிம்முக்குப் போயும் உடம்பு மாறாத ஆட்களைக் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் நோட்டு இருக்காது, அதே டம்பெல்லைத்தான் தூக்கிக்கொண்டிருப்பார்கள். பூங்காக்களில் வைத்திருக்கும் இரும்புச் சாமான்களிலும் இதே சிக்கல். கை கால் அசைய நல்லது, எடையைக் கூட்டத்தான் வழியில்லை.

முதல் வாரம் இரண்டு செட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, அதோடு ஜிம்மையே விட்டவர்கள் நிறைய.

முழங்கால் வலிக்கிறது. ஸ்க்வாட் எப்படிச் செய்வேன்?

நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, இரு கையையும் முன்னே நீட்டி, பின்புறத்தைப் பின்னால் தள்ளியபடி மெதுவாக, மனத்துக்குள் மூன்று எண்ணி, உட்காருங்கள். தொப்பென்று விழக்கூடாது. குதிகாலை அழுத்தி எழுந்திருங்கள். வலித்தால் நாற்காலிமேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். சில வாரத்தில் தலையணையை எடுத்துவிடலாம், அப்புறம் கையில் ஒரு டம்பெல்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களை ஆராய்ந்ததில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று தெரிந்தது. தொடைத் தசை வலுவாவதும் மூட்டுக்குத் துணை. வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது, நடக்கும்போது கால் மடங்கிப்போவது இருந்தால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்படியென்றால் நடக்கவே வேண்டாமா?

நடங்கள், தினமும் நடங்கள். இதயத்துக்கும், சாப்பிட்டபின் ஏறும் சுகருக்கும் அது நல்லது. சாப்பிட்டு முடித்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவைச் சுற்றி வந்தாலே போதும். ஓட்டத்தை மட்டும் தள்ளிப்போடுங்கள், மூட்டு தாங்கட்டும்.

மூன்று வாரமாக மெஷினில் எடை அப்படியே நிற்கிறது. எல்லாம் வீணா?

பெரும்பாலும் இல்லை. புதிதாகத் தூக்கும்போது தசை தண்ணீரைப் பிடித்துவைக்கும். தசை சேர்த்துவைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனின் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்கிறது. முந்தின நாள் ஊறுகாய், அப்பளம், கருவாடு சாப்பிட்டால் உப்பினாலும் ஏறும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஏறும். ஞாயிறு பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திங்கள் காலை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. அதற்கு 11,000 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

தினமும் காலைக்கடன் முடித்தபின் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பை அளங்கள். எடை நின்று, இடுப்பு குறைந்து, நோட்டில் எண் ஏறினால் நீங்கள் கேட்டதுதான் நடக்கிறது. எடை, இடுப்பு, நோட்டு மூன்றுமே ஒரு மாதமாக அசையவில்லை என்றால் சாப்பாட்டுக் கணக்கில் ஓட்டை. எண்ணெயில் தேடத் தொடங்குங்கள்.

தொப்பையை மட்டும் குறைக்க என்ன பயிற்சி?

அப்படி ஒன்று இல்லை. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும், மேலே உள்ள கொழுப்பு எந்த இடத்தில் முதலில் கரையும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும். இடுப்பில் கட்டும் வேர்வை பெல்ட் வேர்வையை மட்டுமே எடுக்கும்.

பெண்கள் வெயிட் தூக்கினால் ஆண் மாதிரி ஆகிவிடுவார்களா?

ஆண்கள் ராப்பகலாக முயன்றே வராத உடம்பு பெண்களுக்குத் தெரியாமல் வந்துவிடுமா? தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு. தோளும் தொடையும் இறுகும், ரவிக்கை அளவு மாறும், அவ்வளவுதான். மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு தேய்வதைத் தடுக்க எடைப் பயிற்சி நல்ல துணை, ஆகவே நாற்பதைத் தாண்டிய அக்காக்களும் அம்மாக்களும் முன்வரிசையில் வரவேண்டும். பி.சி.ஓ.டி. இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். தைராய்டு குறைபாடு இருந்தால் மாத்திரை அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அளவு சரியாகிவிட்டால் மீதி எல்லாம் மற்றவர்களைப் போலத்தான்.

புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

கட்டாயமில்லை. வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம், ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் போல இருக்கும். சாப்பாட்டில் 120 எட்டாதவர்களுக்கு, முக்கியமாகச் சைவர்களுக்கு, வசதி. வாங்கினால் டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிம்மிலேயே பெயர் தெரியாத டப்பாவை நீட்டினால் வேண்டாம். தசைக்கு ஆற்றல் தரும் கிரியேட்டின் பொடி நாளைக்கு 3 முதல் 5 கிராம் உண்மையிலேயே பலன் தருவது, ஆனால் தசையில் தண்ணீர் சேர்வதால் எடை ஒரு கிலோ ஏறக்கூடும், பயப்படாதீர்கள். "ஃபேட் பர்னர்" என்று விற்பதற்குச் செலவழிக்கும் காசுக்கு ஒரு மாத முட்டை வாங்கலாம்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயிற்சி தேவையா?

மற்றவர்களைவிட அதிகம் தேவை. இந்தியாவில் 2025-இல் மௌன்ஜாரோவும் வெகோவியும் வந்தபிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைட் மருந்தைச் சோதித்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. அதில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஒரு பகுதியினரிடம் குறைந்த எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பல்லாத பங்கு. பசியே இல்லாததால் புரதமும் உள்ளே போவதில்லை. தட்டில் முட்டை, மீன், தயிரை முதலில் முடித்துவிட்டுச் சோற்றுக்குப் போங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு போன்றவை எடுப்பவர்களுக்கு, சாப்பாட்டைக் குறைத்துப் பயிற்சியையும் கூட்டினால் சுகர் தாழ்ந்துவிடலாம். திடீர் வேர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே குளுக்கோஸை வாயில் போடுங்கள். மருந்தின் அளவை மருத்துவர்தான் குறைக்க வேண்டும், நீங்களாக விட்டுவிடாதீர்கள். சர்க்கரையால் கண் விழித்திரையில் பாதிப்பு இருந்தால் கனமான எடை ஆபத்து. பிரஷர்காரர்கள் மூச்சை அடக்கி முக்கக்கூடாது, தூக்கும்போது ஊதி வெளியே விடுங்கள். நெஞ்சில் அழுத்தம், மயக்கம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

இரவு ஒரு மணிக்குத்தான் படுக்கிறேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். 2010-இல் சிகாகோவில் எடை கூடிய பத்துப் பேரை ஒரே அளவு குறைந்த கலோரியில் வைத்து, ஒரு முறை எட்டரை மணி நேரமும் இன்னொரு முறை ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் விட்டார்கள். எடை இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் குறைந்தது. தூக்கம் கெட்டபோது அதில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்துபோய், தசைப்பக்கம் அதிகம் போயிற்று. குறட்டை பலமாக இருந்து, பகலெல்லாம் தூங்கி வழிந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். பருமனானவர்களுக்கு அது சகஜம்.

எவ்வளவு நாளில் தெரியும்? தோல் தொங்கிவிடாதா?

முதல் மாதம் வலு ஏறும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மாதம் சட்டை தோளில் பிடித்து வயிற்றில் தொளதொளக்கும். இருபது முப்பது கிலோ குறைப்பதற்கு ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். தோல் விஷயம் வயது, எவ்வளவு காலம் பருமனாக இருந்தீர்கள், எவ்வளவு குறைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கீழே தசை இருந்தால் தொய்வு கொஞ்சம் குறைவாகத் தெரியும். மிக அதிகமாகக் குறைத்தவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் வழி, எண்ணெய் தடவினால் போகாது.

மாதத்துக்கு நான்கு கல்யாணம். விருந்தில் என்ன செய்வது?

சாப்பிடுங்கள். இலையில் பிடித்த இரண்டை நன்றாகச் சாப்பிட்டு, சுமாரானதை ஒதுக்குங்கள். பாயசம் ஒரு கப், இரண்டாவது முறை வரும்போது இலையைக் கையால் மறைத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் காலையும் இரவும் முட்டை, தயிர், சுண்டல் என்று புரதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்ட நினைத்தால் சாயங்காலம் பஜ்ஜிக்கடையில்தான் போய் நிற்பீர்கள். வழக்கமான சாப்பாடு, வழக்கமான பயிற்சி. எடை மெஷின் பக்கம் மட்டும் மூன்று நாள் போகாதீர்கள்.